அவள் நாள் சொல்லவில்லை

ஹேவாஹெட்ட, கண்டிச் சீமை
1882 ஜூன் 15, வியாழக்கிழமை

அன்பிற்குரிய மகள் ராகேலுக்கு உன் அப்பா மாசிலாமணி எழுதிக்கொள்வது. கர்த்தருடைய தயவினால் நானும் உன் அம்மாவும் சரீரத்தில் சுகமாயிருக்கிறோம், நீயும் மருமகப்பிள்ளையும் உன் வயிற்றிலிருக்கும் சிசுவும் பாளையங்கோட்டையில் இதைவிட அதிகச் சுகமாயிருக்கும்படி காலையும் மாலையும் ஜெபிக்கிறோம். நீ அனுப்பிய நார்த்தங்காய் ஊறுகாய் ஜாடி தூத்துக்குடிக் கப்பலில் பத்திரமாக வந்து, கண்டி ஸ்டேஷனிலிருந்து இங்கே வரும் வண்டியில் மூடி உடைந்துபோயிற்று, ஆனாலும் அம்மா மேலே இருந்ததை எடுத்தெறிந்துவிட்டு மிச்சத்தைக் காப்பாற்றி வைத்திருக்கிறாள். அவளுக்கு முழங்கால் வலி முன்போலத்தான், மழை நாளில் எழுந்திருக்கச் சுவரைப் பிடிக்கிறாள். அவள் என்னோடு பேசி முப்பத்தெட்டு நாளாகிறது. சொல்லவேண்டியதை நம் வீட்டு ஆட்டிடம் சொல்கிறாள், கஞ்சி ஆறிப்போகுது என்று அவள் ஆட்டிடம் சொன்னால் நான் எழுந்துபோய்ச் சாப்பிடவேண்டும், அப்படி ஓர் ஏற்பாடு. இதை வாசித்து நீ சிரிப்பாய். சிரித்துக்கொள் மகளே, இந்தக் கடிதத்தில் சிரிக்க இருப்பது அவ்வளவுதான்.

தோட்டத்தின் கதை நீ அறிந்ததே. கோப்பி இலையில் மஞ்சள் தூள் பூத்து உதிர்கிற அந்த நோய் பதின்மூன்று வருடமாகத் தின்று, நீ இங்கே இருக்கும்போது பச்சையாய்க் கண்ட மேல்மலை முழுவதும் இப்போது விறகுக்குச்சியாய் நிற்கிறது. பழைய துரை சீமைக்குப் போய்விட்டார், புதிதாக வந்தவர் கோப்பியை வேரோடு பிடுங்கிவிட்டுத் தேயிலை நட்டுப் பார்க்கிறார். தோட்டத்து ஆட்கள் குடியிருந்த எட்டு லயத்தில் ஆறு காலி. சென்ற வருடம் நம் சபையில் ஐம்பத்து மூன்று பேர் இருந்தார்கள், சென்ற ஞாயிறு வந்தவர்கள் பதினொரு பேர், கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதை. இருபத்திரண்டு வருடம் உபதேசியாராக இந்த மலையில் அட்டைக்கடியில் ஏறி இறங்கியதற்கு இவ்வளவுதானா என்று சில சமயம் மலைத்துப்போய் நின்றுவிடுகிறேன். இந்த எண்ணம் எனக்கு இப்போது வந்ததல்ல. சென்ற வருடமே வந்தது, அதனால்தான் எல்லாம் வந்தது என்பதை இனிமேல் எழுதப்போகிறேன், உட்கார்ந்துகொண்டு வாசி.

சென்ற இரண்டு கடிதங்களிலும் உன் தங்கை எப்சிபா சுகம் என்றும், லயத்துப் பள்ளிக்கூடத்தில் வேலை அதிகமாகையால் அவளுக்குத் தனியே எழுத நேரமில்லை என்றும் எழுதினேன். அது பொய். முதல் கடிதம் எழுதியபோது அவள் இந்த அறையின் மூலையில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இரண்டாவது எழுதியபோது அவள் வீட்டிலேயே இல்லை. மே மாதம் எட்டாந்தேதி திங்கட்கிழமை, ஊருக்குத் திரும்பிய தோட்டத்து ஜனங்களோடு கால்நடையாக வடக்குப் பாதையில் போய்விட்டாள். மாத்தளை, தம்புள்ளை, மன்னார் என்று நடந்து, அங்கிருந்து தோணியேறி அக்கரைக்கு வரவேண்டும். இந்த உலகத்தில் அவள் போய்ச் சேருவதற்கு இனி உன் வீடு ஒன்றுதான் இருக்கிறது. பிள்ளைத்தாய்ச்சியான உனக்கு இதைத் தெரிவிக்கக்கூடாது என்று நான் மறைத்தேன், அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் எழுத வெட்கமாயிருந்தது. இன்று காலை அம்மா மைக்கூட்டையும் காகிதத்தையும் கொண்டுவந்து என் முன்னால் வைத்துவிட்டுப் போனாள், ஆட்டிடம்கூட ஒன்றும் சொல்லவில்லை.

போன நவம்பரில் ஒரு புதன்கிழமை ஜெபக்கூட்டத்தில் இது தொடங்கிற்று. அன்று லயத்துப் பெண்கள் ஏழெட்டுப் பேர்தான் இருந்தார்கள். எப்சிபா ஜெபித்துக்கொண்டே இருந்தவள் அழத் தொடங்கினாள், அழுதபடியே, கர்த்தர் இந்த மலையை மறக்கவில்லை, இந்தத் தீவு முழுவதையும் எழுப்புவார், இந்த லயத்திலிருந்தே தொடங்குவார் என்று சொன்னாள். அவ்வளவுதான் அவள் சொன்னது. அதற்கு மேல் ஒன்றும் இல்லை, இதை நன்றாக மனதில் வைத்துக்கொள். அவள் சத்தம் போடவில்லை, கீழே விழவில்லை, சொல்லி முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு பெண்களுக்கு விளக்கு எடுத்துக் கொடுத்தாள். நாங்கள் கப்பலேறிய வருடம் நம் ஊர்ப்பக்கம் உண்டான எழுப்புதலை அம்மா கண்ணால் கண்டவள், ஜனங்கள் கூட்டம் கூட்டமாய்ப் பாவத்துக்கு அழுது மனந்திரும்பியதை உங்களுக்குக் கதையாகச் சொல்லி வளர்த்தவள், அவள்கூட அன்று பேசாமல்தான் இருந்தாள். எனக்குத்தான் தூக்கம் போய்விட்டது. என் வீட்டில், என் மகள் வாயில், தேசத்தின் எழுப்புதல் என்று எண்ணியெண்ணிப் புரண்டுகொண்டிருந்தேன். ஆசை வெட்கம் அறியாது என்பார்களே, எனக்கு வந்தது அந்த ஆசை.

அதற்குப் பிறகு அவள் எதைச் சொன்னாலும் என் காதுக்குத் தீர்க்கதரிசனமாகவே கேட்டது. மூன்றாம் லயத்து வீரம்மாவின் மகள் சீதா, மூன்று வயதுக் குழந்தை, காய்ச்சலில் கிடந்தபோது, எப்சிபா போய்ப் பார்த்துவிட்டு நாளைக்கு எழுந்து கஞ்சி குடிப்பாள் என்றாள், குழந்தை அப்படியே எழுந்து குடித்தது. நான் நோட்டில் தேதி போட்டு எழுதினேன். அவள் போவதற்கு முன்பே காய்ச்சல் இறங்கி வேர்வை கண்டுவிட்டதாக வீரம்மா பிறகு சொன்னாள், அதை நான் எழுதவில்லை. டிசம்பரில் ஒருநாள் எப்சிபா, துக்கச் செய்தி ஒன்று வரும்போல் இருக்கிறது, அம்மாவைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றாள். ஒன்பது நாள் கழித்து, உன் முதல் குழந்தை மூச்சில்லாமல் பிறந்த செய்தியோடு உன் கடிதம் வந்தது. அதையும் எழுதினேன், அடியில் கோடும் போட்டேன். அவள் போன பிறகு அவள் பெட்டியைத் திறந்தபோது உன் கையெழுத்தில் வேறொரு கடிதம் கிடந்தது. நீ எங்களுக்கு எழுதுவதற்கு முன்பே தங்கைக்குத் தனியாக எழுதியிருக்கிறாய், அப்பா அம்மாவுக்கு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை என்று அழுதிருக்கிறாய். பாவம், அம்மாவின் மனதை முன்கூட்டியே தயார்செய்யத்தான் அவள் அப்படிச் சொல்லியிருக்கிறாள். உனக்கு எப்படித் தெரியும் என்று அன்றைக்கு ஒரு வார்த்தை நான் கேட்டிருந்தால் உடனே சொல்லியிருப்பாள். கேட்காமல் போனேன். நோட்டில் பக்கம் நிறைந்தால் போதும் என்றிருந்தேன்.

ஜனவரியில் கண்டியிலிருந்து பாதிரி ஐயர் சபை விசாரணைக்கு வந்தார். நான் நோட்டை எடுத்து நீட்டினேன். அவரை நான் குறை சொல்லமாட்டேன், அவர் தமிழில் ழகரம் வராதே தவிர நியாயமான மனிதர். அவர் ஒரு பக்கம் வாசித்துவிட்டு, இக்காலத்தில் இந்தத் தேசம் உயிர்க்கும் அந்தத் தேசம் உயிர்க்கும் என்று பல இடங்களில் பலர் சொல்கிறார்கள், நம்பினவர்கள் சிதறிப்போனதையும் நான் கண்டிருக்கிறேன் என்று சொன்னார். அதற்காக எல்லாவற்றையும் தள்ளவும் கூடாது, சோதித்துப் பார்க்கத்தான் வேதம் சொல்கிறது, ஆகையால் அந்தப் பெண் சொல்வதை நாளோடு எழுதி அரக்கு முத்திரை வைத்து எனக்கு அனுப்பும், குறித்த நாளில் சபைக்கு முன்னால் திறந்து பார்ப்போம், நடந்தால் கர்த்தருக்கு மகிமை, நடக்காவிட்டால் அது கர்த்தர் சொன்னதல்ல என்றார். நாள் அவளுக்குச் சொல்லப்படவில்லையே என்றேன். நாள் இல்லாத வாக்கை எப்படி உபதேசியாரே சோதிப்பது என்று கேட்டுவிட்டுக் குதிரை ஏறிப் போய்விட்டார்.

நான் மூன்று நாள் அவளைக் கேட்டேன் ராகேல். அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருப்பாள், நான் மைக்கூட்டோடு எதிரே உட்காருவேன், எப்போது என்று கேட்பேன், எனக்கு நாள் காட்டப்படவில்லை அப்பா என்பாள். இரண்டாம் நாளும் அதே பதில். மூன்றாம் நாள், நாளில்லாவிட்டால் பாதிரி ஐயர் இதைப் பிதற்றல் என்று தள்ளிவிடுவார், மற்றத் தோட்டத்து உபதேசிமார் முகத்தில் நான் எப்படி விழிப்பேன் என்று சொன்னேன். பெற்ற பிள்ளையிடம் பிச்சைக்காரனைப்போல் கேட்டேன். அவள் முறத்தைக் கீழே வைத்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "கோப்பி பூக்கிறப்போன்னு வச்சுக்குங்கப்பா" என்றாள். வைத்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொன்னாள், அது எனக்காகச் சொன்னது என்று அந்த நிமிஷமே எனக்குத் தெரியும். ஆனால் கோப்பி பூப்பது ஒரு நாளல்லவே, மழையைப் பொறுத்தது. கணக்கப்பிள்ளைக்கு நான்தான் கடிதங்கள் எழுதிக் கொடுக்கிறேன், தோட்டத்துப் புத்தகத்தில் வருடாவருடம் பூப்பூத்த தேதியைத் துரைமார் எழுதி வைப்பார்கள், அதைப் புரட்டிப் பார்த்தேன். எந்த வருடமும் ஏப்ரல் முதல் வாரத்தைத் தாண்டிப் பூப்பு வந்ததில்லை. இந்த வருடம் உயிர்த்தெழுந்த திருநாள் ஏப்ரல் ஒன்பதில் வந்தது. என்ன பொருத்தம் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். அவளுடைய கோப்பிப் பூவைத் திருநாள் தேதியாக்கி, நோயுற்ற கோப்பி பூக்கும், உயிர்த்தெழுந்த திருநாள் அன்று இந்த மலையிலிருந்து தேசத்தின் எழுப்புதல் தொடங்கும், இப்படிக்கு எப்சிபா வாய்மொழி என்று நல்ல கையெழுத்தில் எழுதி அரக்கு வைத்தேன். அவளுக்கு வாசித்துக் காட்டவில்லை.

முத்திரை வைத்த கடிதத்தை முதலில் திறந்தது என் வாய்தான். கறுப்பையா கங்காணி ஊருக்குத் திரும்பலாமா என்று யோசனை கேட்டு வந்தார். அவர் நம் வேதத்தைச் சேர்ந்தவரல்ல, ஆனாலும் என்மேல் மரியாதை உள்ளவர். மாசி மாதம், பாதை காய்ந்திருக்கிறது, வழியில் நோயில்லை, பக்கத்துத் தோட்டத்து ஜனங்கள் கிளம்பிவிட்டார்கள், நாங்களும் போகட்டுமா என்று கேட்டார். திருநாள் வரையில் பொறுத்துப் பாருங்கள், கோப்பி பூக்கும் என்று வாக்கு இருக்கிறது என்று சொல்லிவிட்டேன், உங்களுக்கு மட்டும் என்றும் சொன்னேன். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா, ஒரு வாரத்தில் மலை முழுவதும் தெரிந்துபோயிற்று. உபதேசியார் மகள் நாள் குறித்திருக்கிறாள் என்றுதான் பேச்சு. நாற்பது குடும்பம் கட்டிய மூட்டையை அவிழ்த்துவிட்டுத் தங்கிவிட்டார்கள். எப்சிபாவுக்கு வீரம்மா சொல்லித்தான் நாள் தெரிந்தது. அன்று மாலை அவள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து என் முன்னால் நின்றாள், அப்பா நான் அப்படிச் சொன்னேனா என்று கேட்டாள். கர்த்தர் உன் வாயால் சொன்னதை நான் விளக்கி எழுதினேன் என்றேன். அதற்குப் பிறகு அவள் அதைப் பற்றிக் கேட்கவில்லை, அன்றிலிருந்து ஒரு வேளைதான் சாப்பிட்டாள், கோப்பி பூக்கவேண்டும் என்று உபவாசம் இருக்கிறாள் என்று அம்மா பிற்பாடுதான் கண்டுபிடித்தாள்.

மார்ச் முழுவதும் ஒரு சொட்டு மழையில்லை. திருநாள் அதிகாலையில் நம் கோயிலுக்கு மேலேயுள்ள பாறையில் நானூறு பேருக்குக் குறையாமல் கூடினார்கள், திகனப் பக்கத்திலிருந்து கடைக்காரர்கள்கூட வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள். தோட்டத்துப் பெண்கள் இருந்ததில் நல்ல வெள்ளைச் சேலையாகத் துவைத்து உடுத்தியிருந்தார்கள். எப்சிபா முன்வரிசையில் சீதாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பாட்டுப் பாடினோம், ஜெபித்தோம், விடிந்தது, எல்லாருடைய கண்ணும் சரிவையே பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு மொட்டுக்கூட இல்லை. அந்த வழியாக ஏறி வந்தவர்களின் வெள்ளைச் சேலைகளில் இலையின் மஞ்சள் தூள்தான் ஒட்டியிருந்தது. பத்து மணிக்குப் பாதிரி ஐயர் வந்து முத்திரையை உடைத்துக் காகிதத்தை என்னிடமே கொடுத்து வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். தேதியை வாசிக்கும்போது ஜனங்கள் எல்லாரும் என்னைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்தார்கள்.

ஒருவரும் அவளைத் திட்டவில்லை, திட்டியிருந்தால் நான் எழுந்து ஏதாவது சொல்லியிருப்பேனோ என்னவோ. கறுப்பையா கங்காணி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார், அவர் பின்னாலே எல்லாரும் போனார்கள். இரண்டு ஞாயிறு கழித்துப் பாதிரி ஐயர் திரும்ப வந்தார். கர்த்தர் சொல்லாததைச் சொன்னதாகச் சபைக்கு முன்னால் அறிக்கையிட்ட பிறகே அவளை நற்கருணைக்குச் சேர்க்கலாம் என்பது சபையின் ஒழுங்கு. அவள் எழுந்து நின்றாள். பேசுவதற்கு முன்னால் என்னைப் பார்த்தாள், ராகேல். நீண்ட நேரமல்ல, ஒரு மூச்சு விடும் நேரம். நான் வாய் திறப்பதற்கு அவள் இடம் விட்டாள். என் கையில் பாட்டுப் புத்தகம் இருந்தது, அதில் ஏதோ பக்கத்தைத் தேடுகிறவன்போல் குனிந்துகொண்டேன். அவள், "நான் சொன்னது நடக்கலை, என்னை நம்பினவங்க மன்னிச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். என்னைப்பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை.

திருநாளுக்குப் பிறகு தோட்டத்தில் வேலை நின்றது, அரிசி கொடுப்பதும் நின்றது. தங்கியிருந்த நாற்பது குடும்பமும் மாசியில் காய்ந்த பாதையில் போயிருக்கவேண்டியவர்கள், மே மாதத்தில் வானம் இருண்டுவரும்போது கிளம்பினார்கள். புறப்பட்ட அன்று காலையில் எப்சிபா ஒரு சேலையையும் வேதப்புத்தகத்தையும் மூட்டையாகக் கட்டிக்கொண்டு வந்து நின்று, என்னை நம்பி இருந்தவர்கள், நான் கூடப் போகவேண்டும் என்றாள். நான் தடுத்தேன், ஊர் என்ன சொல்லும் என்றேன், எனக்கு வேறு வார்த்தை கிடைக்கவில்லை பார். அவள் என் காலைத் தொட்டுவிட்டுப் போனாள். அம்மா வாசல் படலை வரையில் போய்த் திரும்பி வந்து, கடைசியாக என்னோடு பேசியது அன்றுதான், "நீங்க கேட்டு வாங்குன நாளுக்கு என் பிள்ளை பதில் சொல்லிட்டுப் போறா" என்றாள். அன்று மதியமே மழை பிடித்துக்கொண்டது.

பத்தாம் நாள் நான் ஓடைக்கரைப் பக்கம் போனேன். கீழ்த்துண்டில் புதுத் துரை இன்னும் பிடுங்காத கோப்பிச் செடி ஒரு நூறு இருக்கும், எல்லாம் வெள்ளை வெளேரென்று பூத்திருந்தது. அந்த வாசனை உனக்கு நினைவிருக்கும். ஒருவரும் இல்லை, நான் மட்டும் நின்றேன். அதை அடையாளம் என்று உனக்கு எழுதுவேன் என்று எதிர்பார்க்காதே, மழை பெய்தால் கோப்பி பூக்கும், பாதையில் அவர்களை நனைத்த அதே மழைதான் இதையும் பூக்க வைத்தது. எனக்கு வந்தது கோபம். இரண்டு நாளில் அதுவும் வாடி உதிர்ந்துபோயிற்று, நான் அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை.

சென்ற சனிக்கிழமை அலவத்துகொட முஹைதீன் வந்தார், நீங்கள் அண்ணன் முறையாக நானா என்று கூப்பிடுகிறவர், பொதி சுமக்கும் தவளமாட்டில் உப்பும் கருவாடும் ஏற்றி மாத்தளைக்கு அப்பால் போய் வருகிறவர், உனக்கு ஞாபகமிருக்கும். மாத்தளைக்கு வடக்கே நாலந்தையில் நம் ஜனங்களைக் கண்டதாகச் சொன்னார். வாந்திபேதி கண்டு, அவர்களைப் பாதையோரக் கொட்டகையில் நிறுத்தி வைத்திருக்கிறார்களாம். அவர் கண்ட அன்றைக்கு ஒன்பது பேர் இறந்திருந்தார்கள், அதில் வீரம்மாவும் ஒருத்தி. எப்சிபா உயிரோடிருந்தாள். சீதாவை இடுப்பில் வைத்துக்கொண்டு நோயாளிகளுக்குத் தண்ணீர் காய்ச்சிக் கொடுத்துக்கொண்டிருந்தாளாம். முஹைதீன் தன்னோடு மாட்டுக்கூட்டத்தில் திரும்பி வந்துவிடு தங்கச்சி என்று கூப்பிட்டிருக்கிறார், அவள் மாட்டேன் என்று சொல்லிவிட்டு, "அப்பாமேல எனக்குக் கோபமில்லைன்னு சொல்லிடுங்க நானா" என்றாளாம். அதைச் சொல்லும்போது முஹைதீன் என் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் கண்டது மே மாதக் கடைசியில். அதற்குப் பிறகு அவளைக் கண்டவர் ஒருவரும் எனக்குக் கிடைக்கவில்லை.

கோபமில்லை என்ற அந்த வார்த்தையைத்தான் மகளே என்னால் தாங்க முடியவில்லை. மறுநாள் ஞாயிறு பதினொரு பேருக்கு முன்னால் எழுந்து நின்று, என் மகள் நாள் சொல்லவில்லை, அந்த நாளை எழுதியவன் நான், அவள் என் பழியைச் சுமந்துகொண்டு போனாள் என்று சொன்னேன். காது கேளாத இருளப்பன் என்ன சொல்கிறார் என்று பக்கத்திலிருந்தவரைக் கேட்டார், அவர் உரத்த குரலில் திருப்பிச் சொன்னார், ஆக அது கோயிலில் இரண்டு தரம் சொல்லப்பட்டது. பாதிரி ஐயருக்கும் ஒன்றும் மறைக்காமல் எழுதியனுப்பிவிட்டேன். உபதேசி வேலை போனால் போகட்டும். வீட்டுக்கு வந்ததும் அம்மா ஆட்டுக்குத் தழை போட்டுக்கொண்டே, இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாம் என்று அதனிடம் சொன்னாள். ஆமாம், சொல்லியிருக்கலாம். அன்று ஒரு மூச்சு நேரம் எனக்கு இருந்தது.

எழுப்புதல் வருமா என்று நீ கேட்பாய், நீயும் அம்மாவின் கதை கேட்டு வளர்ந்தவள்தானே. எனக்குத் தெரியாது. அவள் அந்தப் புதன்கிழமை அழுது சொன்னது கர்த்தருடைய வார்த்தையா, ஒரு நல்ல பெண்ணின் ஏக்கமா என்று நாங்கள் ஒருவரும் சோதிக்கவில்லை. நாங்கள் சோதித்தது என் தேதியை. பொய்யாய்ப் போனதும் அதுதான். இனி யாராவது உன் பக்கத்தில் இந்தத் தேசம் இன்ன நாளில் உயிர்க்கும் என்று சொன்னால், சொன்னவர் நாளைச் சொன்னாரா, பக்கத்தில் யாராவது மைக்கூட்டோடு உட்கார்ந்திருந்தாரா என்று முதலில் விசாரி.

இப்போது நீ செய்யவேண்டியது. நீ இந்த நிலையில் அலையாதே, மருமகப்பிள்ளையை என் பேரில் கெஞ்சிக் கேட்டு, பாம்பனில் தோணி இறங்கும் இடத்துக்கு ஒருதரம் போய், கண்டிச் சீமை ஜனங்கள் வந்தார்களா, மூன்று வயதுப் பெண்குழந்தையோடு பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி வந்தாளா என்று விசாரிக்கச் சொல். இடது புருவத்தில் தழும்பு இருக்கும், நீ ஊஞ்சலில் தள்ளிவிட்டு வாங்கிக் கொடுத்ததுதான். அவள் உன் வீட்டுக்கு வந்தால் முதலில் சீதாவுக்குச் சோறு கொடு, அந்தக் குழந்தை யார் வயிற்றில் பிறந்தது என்று அக்கம்பக்கத்தார் கேட்டால் எங்கள் வீட்டுப் பிள்ளை என்று சொல். எப்சிபாவிடம் தீர்க்கதரிசனத்தைப் பற்றி ஒன்றும் கேட்காதே. அவள் சாப்பிட்டுத் தூங்கி எழுந்த பிறகு இதை மட்டும் சொல், அப்பா சபைக்கு முன்னால் வாய் திறந்துவிட்டார் என்று சொல். நேரம் கடந்து திறந்தார் என்பதையும் சேர்த்துச் சொல். நீ காய்ச்சாத தண்ணீர் குடிக்காதே, கனமான குடம் தூக்காதே, பிரசவத்துக்கு அம்மா வர ஆசைப்படுகிறாள், ஆட்டிடம் இரண்டு தரம் சொன்னாள், கப்பலுக்கு வழி பார்க்கிறேன்.

ஆபிரகாமையும் சாராளையும் காத்த தேவன் உன்னையும் உன் வீட்டையும் பிறக்கப்போகிற பிள்ளையையும் தம் சிறகின் கீழ் வைத்துக் காப்பாராக. பாதையில் இருக்கிறவளையும் காப்பாராக. ஒன்று மட்டும் மறந்துவிடாதே, இதற்காகத்தான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன். உன் தங்கை சின்ன வயதில் தண்ணீருக்குப் போய் வந்தால் கதவை எப்படித் தட்டுவாள் என்று உனக்குத் தெரியும், அதற்காக அம்மாவிடம் எத்தனை தரம் வசவு வாங்கியிருக்கிறாள். இப்போதும் அப்படித்தான். ஒரேயொரு தரம் மெதுவாகத் தட்டுவாள், திறக்காவிட்டால் யாருக்கும் தொந்தரவு வேண்டாமென்று திரும்பிப் போய்விடுவாள். கதவைத் தாழ் போடாதே.

இப்படிக்கு,
உங்கள் இருவருக்கும் அப்பா,
மாசிலாமணி